கணக்கு டீச்சருக்கு என்ன கேஸ்?

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் எங்கள் வீடு. கணவர் கோலா தெர்லாவில் காய்கறி போடுகிறார். நான் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன்.

மலைக்குக் கீழே, தப்பு செய்து பிடிபட்ட இளம்பெண்களை அடைத்துவைத்துப் படிக்கவைக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு இரண்டே மாதம் இருக்கும்போது அங்கே கணக்கு ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டார். வாரம் ஒருநாள் வர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். கோயிலில் நாலு பேர் முன்னால் கேட்டதால் மறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. தாலிக்கொடியைக் கழற்றிப் பீரோவில் பூட்டிவிட்டு மஞ்சள் கயிற்றோடு கிளம்பினேன். கடிகாரமும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று, பள்ளிச் சமையலறைக்கு இரண்டு முட்டைக்கோஸைப் பையில் போட்டுக் கொடுத்தார் கணவர். காய்கறி லோரியில் ஏறி மலையிலிருந்து இறங்கினேன்.

பள்ளி வாசலில் வார்டன் பையைத் திறந்தார். ஒரு கோஸ். இன்னொரு கோஸ். அடியில், செய்தித்தாளில் சுற்றி, முழ நீளத்துக்கு ஒரு கத்தி.

வார்டன் என் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று பார்த்தால், மனிதர் மலாயில் பெருமையாகவே சொன்னார்: "ஆமா, நம்ம கத்திதான். கோஸு வெளி எல உரிக்கணும்ல, அதான் வெச்சேன். நேத்துதான் தீட்டினேன், பாத்துப் பிடிங்க."

தலைமையாசிரியை வெளியே போயிருந்தார். திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை நான் பாடம் நடத்தக் கூடாது, கத்தி எப்படி வந்தது என்று மலாயில் விளக்கக் கடிதம் எழுத வேண்டும், அதைப் படித்துவிட்டுத்தான் வகுப்பு தொடருமா நிற்குமா என்று முடிவாகும் என்றார் வார்டன். எனக்கென்று தனியாகக் காவல் வைக்க ஆள் இல்லை. அதனால் அவர் மேற்பார்வை பார்க்கும் வகுப்பிலேயே, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைத்தார்.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த, முடியை ஒட்ட வெட்டிய தமிழ்ப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், என்ன கேஸு?"

"கத்தி" என்றேன்.

வகுப்பே என்னை மரியாதையோடு பார்த்தது.

எனக்கு மலாய் பேச வரும். எழுதினால் வரிக்கு வரி பிழை வரும். எப்படியோ நாலு வரி எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"'நான் செய்யல'ன்னு ஆரம்பிக்காதீங்க டீச்சர். இங்க எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

"நான் நிஜமாவே செய்யலம்மா!"

"நாங்களும் அதேதான் சொல்வோம்."

பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி தலையை நீட்டினாள். "புருஷன் மேல பழி போட்டிருக்கீங்களா? அந்த வரிய அடிச்சிடுங்க. அடுத்தவங்க பேரு வந்தாலே நம்ப மாட்டாங்க. ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்கலா, நீளமா இருந்தா பொய்னு நெனப்பாங்க."

நடந்ததை வரிசையாக எழுத வைத்தார்கள். எழுத்துப்பிழை திருத்தினார்கள். 'பையை நான் சோதித்திருக்க வேண்டும், அது என் தவறு' என்ற வரியை அந்தக் குட்டைமுடிக்காரிதான் சொல்லிக்கொடுத்தாள். வார்டன் எல்லாம் தெரிந்தும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரியை எழுதும்போது அவள் சொன்னாள்: "எனக்கு அன்னிக்கு ஸ்டேஷன்ல பக்கத்துல உக்காந்து சொல்லித்தர யாரும் இல்ல டீச்சர். மூணு பக்கம் எழுதினேன். எல்லாம் உண்மைதான். யாரும் முழுசா படிக்கல."

நான் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவள் உடனே சிரித்து, "கையெழுத்து போடுங்க, மறந்துட்டீங்க" என்றாள்.

தலைமையாசிரியை வந்து கடிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "இந்த நடை எனக்கு நல்லாத் தெரியும். வாரத்துக்கு நாலஞ்சு வரும்" என்றார் மலாயில். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது, பை இல்லாமல் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தேர்வு வரை ஒரு வாரமும் தவறாமல் போனேன். குட்டைமுடிக்காரி கணக்கில் தேறினாள். வெளியே வந்து இப்போது ஈப்போவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். தீபாவளிக்குப் போன் செய்தால் "கேஸ் முடிஞ்சுதா டீச்சர்?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அன்று இரண்டு மணி நேரம், யாராவது என்னை நம்ப மாட்டார்களா என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது டியூஷனில் எந்தப் பிள்ளையாவது "நான் செய்யல டீச்சர்" என்றால், திட்ட வரும் வாயை மூடிக்கொண்டு, அது சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.