கூரைத் துணி தலையில் விழுந்த சனிக்கிழமை

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. உள்ளேதான் மனிதர் உட்கார முடியாது. கிருலப்பனையில் இருந்த ஒரு டாக்டர், அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போகும்போது என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போன வண்டி. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த, முதுகு வளைந்த சின்னக் கார். பின் சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கதவுகளின் உட்பலகைகள் தொட்டால் பப்படம்போல் நொறுங்கின. கூரையின் உட்புறத் துணி கிழிந்து தொங்கி, ஏறுகிறவர்களின் தலையை எல்லாம் தடவியது.

"எஞ்சின் என்ர பொறுப்பு. உள்ளுக்கு நீங்கள் ரெண்டு பேரும் பாருங்கோ" என்று கணவர் சொல்லிவிட்டார். இரண்டு பேர் என்றால் நானும், மாடியில் இருக்கும் அவருடைய தங்கையும். நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். நான் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. மச்சாள் வெள்ளவத்தைப் பெண்களில் பாதிப் பேருக்குச் சாறிச் சட்டை தைத்துக் கொடுப்பவள்.

முதலில் கொட்டாஞ்சேனையில் வாகனங்களுக்குச் சீற் தைக்கும் ஒரு கடைக்குத்தான் போனோம். கடைக்காரருக்கு எங்களைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"மூணு மாசம் செல்லும் மிஸ். முன்னுக்கு பதினொரு வாகனம் ஈக்கி." எங்களுக்கு முன்னால் பதினொரு வாகனம் காத்திருக்கிறதாம்.

காலிமுகத்திடலில் பழைய கார்களின் ஊர்வலத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. கணவர் அதற்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

"அப்ப நாங்களே தைக்கிறம்" என்றாள் மச்சாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "மிஸ், இது பிளவுஸ் இல்ல."

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் மச்சாள், "சட்டைக்குக் கழுத்து வளைச்சு வெட்டத் தெரிஞ்ச எனக்கு ஒரு சீற்றுக்கு உறை வெட்டத் தெரியாதே?" என்றாள். அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய், வைன் நிறத்தில் ஒரு சுருள் ரெக்சின் வாங்கி வந்தோம். பஸ்ஸில் அதை எங்கள் இருவரின் மடியிலும் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தோம். பக்கத்தில் நின்ற மனிதர் "கம்பளமோ?" என்று கேட்டார். "கார்" என்றாள் மச்சாள். அவர் அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கவே இல்லை.

பழைய உறையைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்து வெட்டினோம். மச்சாள் தைத்தாள். நான் கம்பிச் சுருள்களின் மேல் தேங்காய்த் தும்பும் பஞ்சும் அடைத்தேன். முன் சீற் முடிந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்து, இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

கதவுப் பலகைகள் என் பொறுப்பு. ஹார்ட்போர்ட்டை வெட்டி, ரெக்சின் ஒட்டி, கைபிடிக்கு ஓட்டையும் போட்டு முடித்தபின் மச்சாள் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"மச்சாள், இந்தக் காருக்கு ரெண்டு இடப்பக்கமோ?"

மாதிரியைத் திருப்பி வைக்க மறந்திருக்கிறேன். அன்று மழை என்பதால் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஒட்டத் தொடங்கினோம். பசையின் நெடி மூக்கில் ஏறியதோ என்னவோ, "ரெண்டு இடப்பக்கம்" என்று ஒருத்தி சொல்ல மற்றவள் சிரிக்க, நிற்கவே முடியவில்லை. கணவர் வந்து கதவைத் திறந்தபோது நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தேனாம். கணவர் கழற்றி வைத்திருந்த ஸ்டியரிங் அது; காரில் இல்லை, என் கையில் இருந்தது. இருவரையும் முற்றத்துக்கு இழுத்து மழையில் நிற்க வைத்தார். அதன்பிறகு அந்தக் கராஜ் கதவு சாத்தப்படவே இல்லை.

கடைசியாகக் கூரைத் துணி. அதில் குழாய்போல் நான்கு நீள உறைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் வளைந்த கம்பி ஒன்றை நுழைத்து மேலே மாட்ட வேண்டும். கம்பிகளுக்கு நம்பர் எழுதி ஒட்டியிருந்தேன். கொழும்பு வெக்கையில் ஒட்டு கழன்று நான்கு நம்பரும் நிலத்தில் கிடந்தன. ஒரு குத்துமதிப்பில் மாட்டினோம். நன்றாகத்தான் நின்றது.

ஊர்வலத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தக் கடைக்காரருக்குக் காட்டிவிட்டு வருவோம் என்றாள் மச்சாள். நான் ஓட்டினேன். கொச்சிக்கடைக்குக் கிட்டப் போகும்போது மேலே 'டிங்' என்றது. பிறகு இன்னொரு 'டிங்'. பிறகு முழுக் கூரையும் எங்கள் தலையில்.

"பிரேக்! பிரேக்!" என்று துணிக்குள்ளிருந்து கத்தினாள் மச்சாள்.

நடுறோட்டில் நின்றோம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஓடிவந்து யன்னலில் குனிந்தார். "நோனா, மே மொகத?" அம்மா, என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"வஹல மாத்தயா, வஹல" என்றாள் மச்சாள். கூரை, ஐயா, கூரை. அவளுடைய முகம் இன்னும் துணிக்குள்தான் இருந்தது.

அவர் பலமாகச் சிரித்துவிட்டு எங்களுக்காக மற்ற வாகனங்களை நிறுத்தினார். மச்சாள் இரண்டு கையாலும் கூரையைத் தூக்கிப் பிடிக்க, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே கடைவரை ஓட்டினேன்.

கடைக்காரர் எங்களைக் கண்டதும் பிரித்துப் போட்டிருந்த ஒரு சீற்றின் மேல் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் எழுந்து காருக்குள் பார்த்தார். கூரையை அல்ல, சீற்றை. தையலை விரலால் தடவினார்.

"இந்த ஓரம் யாரு தச்ச?"

"நான்தான்" என்றாள் மச்சாள்.

"வீட்டு மெஷின்லயா?"

"ஓம்."

உறையின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அண்டைக்கு நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது மிஸ்" என்றார்.

முன் கம்பியைப் பின்னாலும் பின் கம்பியை முன்னாலும் மாட்டியிருக்கிறோம். அவர் மாற்றி மாட்டினார். கூரைத் துணியில் கிழிந்திருந்த ஒரு கம்பி உறையை, "நீங்களே தைங்க" என்று மச்சாளிடம் நீட்டினார். அவருடைய பெரிய மெஷினில் அவள் காலை வைத்ததும் அது மோட்டார் சைக்கிள்போல் பாய்ந்தது. அவள் "ஐயோ!" என்று கத்திவிட்டு, மறுபடி மிதித்தாள். தேவையில்லாத ஒரு துண்டு ரெக்சினில் நேராகவும் வளைத்தும் தைத்துக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிட்டும் எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் எங்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. உள்வேலை யார் செய்தது என்று ஒருவர் கேட்டபோது என் கணவர் "நாங்கள்தான்" என்றார். இரண்டு பக்கமும் இருந்து அவரைக் கிள்ளினோம்.

இப்போது மச்சாள் கிழமையில் மூன்று நாள் கொட்டாஞ்சேனையில் அந்தக் கடைக்கே வேலைக்குப் போகிறாள். சாறிச் சட்டைக்காரிகள் என்னிடம் வந்து குறை சொல்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நின்றாள்.

"மச்சாள், இண்டைக்கு என்ன தைச்சனான் எண்டு சொல்லும் பாப்பம்?"

"என்ன?"

"பிரேத வண்டி! உள்ளுக்கு முழுக்க ஊதா வெல்வெட்!"

அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து, அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன்.