ஃபைவ் ஒய் பண்ணிய மத்தியானம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் பட்டறையில் லேத்தில் நிற்கும் பாய், கம்பெனியின் குவாலிட்டி இன்ஜினியர் பெண், பர்ச்சேஸ் அதிகாரி. நடுவில் டீ வைத்துவிட்டுப் போனவரையும் சேர்த்தால் ஐந்து. நான் பதில் வராமல் விழித்துக்கொண்டிருந்ததை அவரும் பார்த்துவிட்டார், அதனால்தான் அவரையும் எண்ணுகிறேன்.

மேசைமேல் ஒரு சிவப்புத் தொட்டி. அதற்குள் எங்கள் புஷ்கள். கட்டைவிரல் நீளத்தில், நடுவே துளையிட்ட எஃகு உருளைகள். ஆயிரத்து இருநூறு அனுப்பியிருந்தோம். துளை சரியா என்று பார்க்கும் கேஜ், வழவழப்பான ஒரு முளை, அதற்குள் தானாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் மொத்த லாட்டும் பழைய இரும்புக்குப் போய்விடும். மண்ணூர்பேட்டையில் என் பட்டறை அந்த மாதம் செய்த வேலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது போனால் பாய்க்கும் மற்ற இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது.

மூன்று நாள் முன்பு போனில் மெயில் வந்திருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அர்த்தம்தான் கூட்டினாலும் வராது. லாட் ரெட் டேக்டு. சார்ட்டிங் வில் பி டெபிட்டட். கைண்ட்லி ஆக்‌ஷன் அண்ட் ரிவர்ட். பக்கத்து கிரைண்டிங் பட்டறைக்காரரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த ஆக்‌ஷன் சினிமாவில் வருவது, அதை எப்படிச் செய்வது, அதுவும் கைண்ட்லியாக என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் ‘நோட்டட் சார்’ என்று போடச் சொன்னார். எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கம்பெனியிலிருந்து என்ன வந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் நோட்டட் சார். புரிந்ததா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். போட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த மெயிலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பட்டறையிலும் நாங்கள் கருவிகளின் இங்கிலீஷ் பெயர்களை வைத்துத்தான் வேலை செய்கிறோம். டேப் அடி, கேஜ் போடு, மைக் பிடி, ரீமர் விடு. அடி, போடு, பிடி, விடு என்று கூடவே ஒரு கை வந்துவிடும். யாருடைய கை என்றுகூடத் தெரியும். கம்பெனிக்காரர்கள் பேசும்போது அந்தக் கை காணாமல் போய்விடுகிறது. சிவப்புச் சீட்டுக்குப் பெயர் டேக். சீட்டு கட்டிவிட்டால் டேக்டு. கட்டியது யார்? தெரியாது. டெபிட் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். பணத்தைப் பிடித்துக்கொண்டால் டெபிட்டட். பிடித்தது யார்? அதுவும் தெரியாது. யாரிடம் போய்க் கெஞ்சுவது என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

உண்மையில் காரணம் எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்தின நாள் பட்டறையில் மிச்சமிருந்த ஒரு புஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். கேஜ் சர்ரென்று இறங்கியது. மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் இருக்க நாங்கள் சரக்கை எண்ணெயில் இரண்டு முக்கு முக்குவோம். கம்பெனி ஒப்புக்கொண்ட கண்ட்ரோல் பிளான் தாளில் இருப்பது ஒரு முக்கு. இரண்டாவது எண்ணெய் துளைக்குள் தடித்துக் காய்ந்துவிட்டது.

இதைச் சொன்னால் லாட் பிழைக்கும். ஆனால் கேட்காமல் வேலைமுறையை மாற்றியது லாட் கெடுவதைவிடப் பெரிய குற்றம். கூலண்ட் எண்ணெயைச் சொல்லாமல் மாற்றியதற்கே இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையின் வெண்டர் கோடை, கம்பெனிக் கணக்கில் அவர்களுக்கு இருந்த எண்ணை, தூக்கிவிட்டார்கள். கோடு போனால் அதற்கப்புறம் ஆர்டரே இல்லை. பஸ்ஸில் வரும்போது பாயிடம் வாயைத் திறக்க வேண்டாம், நானே யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். என்ன சொல்வது என்று யோசித்து முடித்திருக்கவில்லை.

இன்ஜினியர் பெண் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், எந்நேரமும் பேனாவைத் தட்டிக்கொண்டே பேசுவாள். ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

“மேடம், இதை இப்பவே ஃபைவ் ஒய் பண்ணிடலாம்.”

ஐந்து தரம் ஏன் என்று கேட்பார்கள். ஐந்தாவது ஏனில் குற்றவாளி அகப்பட வேண்டும். அதுதான் ஃபைவ் ஒய். ஏன் ரிஜெக்ட் ஆனது என்று கேட்டாள். கேஜ் இறங்கவில்லை என்றேன். ஏன் இறங்கவில்லை? துளை இறுக்கமாக இருக்கிறது. ஏன் இறுக்கம்?

டீ வந்தது. டீயைப் பார்த்தேன்.

பர்ச்சேஸ் அதிகாரிக்கு அவசரம். டூல் தேய்ந்திருக்கும், டூல் வேர் என்று எழுதி லாட்டை ஸ்க்ராப் பண்ணி க்ளோஸ் பண்ணுங்கள் என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கோடு தப்பிக்கும், லாட் போகும். ஆமாம் சொல்ல வாய் எடுத்தேன்.

பாய்க்குப் பொறுக்கவில்லை.

“டூலு மேல பழி போடாதீங்க சார். அது தேயல. மழைக்கோசரம் நான்தான் ரெண்டு தபா எண்ணெயில முக்கினேன். உள்ளாற காஞ்சு பிசின் மாரி கீது. தொடச்சிட்டுப் போட்டுப் பாருங்க.”

பேனா நின்றுவிட்டது. இரண்டு தடவை என்று கண்ட்ரோல் பிளானில் இல்லையே என்றாள். இல்லை மேடம். எங்களுக்குச் சொல்லவும் இல்லையே என்றாள். இல்லை மேடம். “ஏன்?” என்றாள். நான்காவது ஏன். போன மழைக்குத் துரு என்று திருப்பி அனுப்பினீர்கள், அதிலிருந்து பயம், கேட்டால் வேண்டாம் என்பீர்களோ என்று இன்னொரு பயம் என்றேன்.

அவள் எழுதப் போய் நிறுத்தினாள்.

“பயம்னு ரூட் காஸ் போட முடியாது மேடம். ட்ரெய்னிங் இல்லன்னு போடறேன்.”

ஐந்தாவதை அவள் கேட்கவே இல்லை.

ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் வரவழைத்தாள். பத்து புஷ்ஷை எடுத்தாள். பாய் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துத் தர, அவளே கேஜைத் துளையின் வாயில் வைத்துக் கையை எடுத்தாள். இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. ஏழாவதில் பாதியில் நின்றது. “குடும்மா” என்று பாய் அதை வாங்கித் துணியை முறுக்கி உள்ளே விட்டு இழுத்தார். மறுபடி வைத்தாள். டக்கென்று அடிவரை போனது.

லாட்டை அக்செப்ட் பண்ணினார்கள். கோடைத் தூக்கவில்லை, இனிமேல் இப்படி நடந்தால் தூக்குவோம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மீதியை அவர்கள் ஷெட்டின் ஓரத்திலேயே நானும் பாயும் உட்கார்ந்து கழுவினோம். என்னைக் கேட்காமல் ஏன் சொன்னீர்கள் என்று திட்ட வேண்டும் என்று நினைத்தேன். “டூலைச் சொன்னா என்னைச் சொன்ன மாரிமா” என்று அவரே முந்திக்கொண்டார்.

கிளம்பும்போதுதான் பர்ச்சேஸ் அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மெயில் வந்ததற்கு மறுநாள் வெளி ஆட்களை வைத்து லாட் முழுக்கப் பொறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். மெயிலில் இருந்த சார்ட்டிங் அதுதான். அந்தக் கூலி எங்கள் பில்லிலிருந்து போயிருந்தது.

“யார் சார் கழிச்சது?” என்று கேட்டேன். அந்த இடத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி அது.

“யாரும் கழிக்கலமா. சிஸ்டத்துல டெபிட் ஆயிடுச்சு. நீங்கதான் நோட்டட்னு போட்டிருக்கீங்களே, அதை ஒப்புதலா எடுத்துக்கும்.”

சரக்கு நல்ல சரக்கு என்று ஆகிவிட்டதால் அதை ரிவர்ஸ் பண்ணச் சொல்லி மெயில் போடுவதாக இன்ஜினியர் பெண் சொன்னாள். என் எதிரிலேயே போட்டாள். லாட்டுக்கான மீதிப் பணம் வந்தது, மூன்று பேருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டேன். அப்புறம் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். பர்ச்சேஸ் அதிகாரியிடம் மாதம் ஒரு தரம் கேட்கிறேன். ரொம்பக் கேட்டால் அடுத்த ஆர்டர் குறையுமோ என்று அதிலும் பயம். பிராசஸ் ஆகிக்கொண்டிருக்கிறது என்கிறார். அந்தக் கம்பெனி எனக்குத் தர வேண்டியது இன்றுவரை பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.