செய்த உதவி: காத்திருந்தேன்

"இடது கையை முதல்ல விடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, பராமரிப்பாளர் அம்மா முக்காலியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொள்கிறார். கட்டில் விளிம்பில் இருக்கும் தையல்காரர் சட்டையை மடியில் விரித்து, அதன் கையின் வாயைத் தேடுகிறார். பக்கவாதம் வந்த இடது கை தொடைமேல் கிடக்கிறது. வலது கை அதைத் தூக்கி உள்ளே விடுகிறது; பாதியில் நழுவுகிறது. மறுபடியும் முயல்கிறார். பராமரிப்பாளர் எழுந்து இரண்டடி வைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. அவர் எழுந்திருப்பதில்லை.

எதிர்க் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், முழங்கால் அறுவை முடிந்து வந்தவர். இந்த அம்மாவுக்குக் 'கைகட்டி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "டெய்லரே, கைகட்டி வந்தாச்சு. இனி மத்தியானத்துக்குள்ள சட்டை போட்டுருவீங்க" என்பார், அந்த அம்மாவின் காதுபடவே. கைகட்டி சிரிப்பார். "அடுத்து உங்க முட்டிதான். யாரு உங்களைத் தூக்கி விடுறான்னு பாக்கலாம்."

இது குறுகிய காலம் தங்கும் முதியோர் இல்லம். ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட, ஆனால் வீட்டுக்குப் போகுமளவு தேறாதவர்கள் இருபத்தெட்டு நாள் வரை இருக்கலாம். இடுப்பெலும்பு முறிந்து நானும் வந்திருந்தேன். ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. கிடங்கில் நாற்பத்தோரு ஆண்டுகள் வரவும் இருப்பும் எழுதியவனுக்குப் படுக்கையில் வேறு வேலை ஏது? மூன்று கட்டில்களில் நடப்பதையும் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் முதல் நாள் சட்டை போட எடுத்துக்கொண்டது இருபத்து மூன்று நிமிடம்.

கைகட்டியைச் சோம்பேறி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு அவருடைய கால்களைக் கவனித்தேன். வலது கால் எப்போதும் முன்னால், குதிகால் தரையில் படாமல் இருக்கும். ஒருமுறை தையல்காரர் பக்கவாட்டில் சாய்ந்தார். நான் குரல் கொடுப்பதற்குள் கைகட்டியின் தோள் அவருக்கு முட்டுக் கொடுத்திருந்தது. நிமிர்ந்ததும் அம்மா மீண்டும் முக்காலிக்குப் போய்விட்டார். தையல்காரரின் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரை அம்மா தினமும் ஒரு விரற்கடை தள்ளி வைப்பதும் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. மற்றவர்களுக்கு இத்தனை நேரம் தருபவர் தன் மதியச் சாப்பாட்டை நின்றபடியே நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. தையல்காரரின் இடது கைக்குச் 'சின்ன மாப்பிள்ளை' என்று பெயர். "சின்ன மாப்ள இன்னிக்கு முறுக்கிக்கிட்டு நிக்கிறாரே, ஐயா. கொஞ்சம் தாஜா பண்ணுங்க."

"ஊருக்கெல்லாம் காஜா எடுத்துக் கொடுத்தவன்மா நான்" என்பார் தையல்காரர். "என் காஜாவுல என் பட்டன் நுழைய மாட்டேங்குது."

"நுழையும். உங்களைத் தெரியாதா அதுக்கு?"

தையல்காரருக்கு அடுத்த வியாழக்கிழமை மதிப்பீடு. தானாக எழுந்து, கழிப்பறைக்குப் போய் வந்து, உடை மாற்றிக்கொண்டால் வீடு. இல்லாவிட்டால் நிரந்தரமாகத் தங்கும் வேறொரு இல்லம். அங்கே இடம் சொல்லி வைத்தாயிற்று. மகன் கெட்டவரல்ல. "நானும் என் சம்சாரமும் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா அப்பா தனியா இருக்கணும் சார்" என்று என்னிடம் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டுக்கு ஆறு நாள் முன்பு இல்லத்தின் பொறுப்பாளர் வந்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் 'செய்த உதவி' என்று ஒரு பத்தி உண்டு. மற்ற பராமரிப்பாளர்கள் 'உடை அணிவித்தேன்', 'நடத்திச் சென்றேன்' என்று நிரப்பிவிடுவார்கள். கைகட்டியின் வரிகளில் வெறும் கோடுகள்.

"என்ன இது, எட்டு நாளா கோடு? எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்."

"செய்யலையே மேடம். அவரேதான் போட்டுக்கிட்டார். செய்யாததை எப்படி எழுதுறது?"

"அவர் மகன் பாத்தா என்ன நினைப்பார்? நாளையிலேருந்து நீங்க துணி மடிக்கப் போங்க. இவரை வேற ஆள் பாக்கட்டும்."

தையல்காரரின் வலது கை பட்டனில் அப்படியே நின்றுவிட்டது. கைகட்டி எழுந்து நின்றார். "மேடம், வியாழக்கிழமை வரைக்கும் என்கிட்ட விடுங்க. வேற யாராவது வந்தா ரெண்டு நிமிஷத்துல மாட்டி விட்டுருவாங்க. அப்புறம் இவர் வீட்டுக்குப் போன மாதிரிதான்."

பொறுப்பாளர் தாளை அவரிடம் நீட்டினார். "அப்போ என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. காலையில பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் போனபின், தையல்காரர் கடைசிப் பட்டனையும் போட்டு முடிக்கும்வரை கைகட்டி பேனா மூடியைக் கடித்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறீங்களே. இன்னிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பதினாலு நிமிஷம்."

எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'காத்திருந்தேன் – 14 நிமிடம்.'

முந்தைய நாட்களின் கணக்கையும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, கோடுகளின் மேல் எழுதாமல், தாளின் அடியில் தேதியோடு வரிசையாக எழுதினார். "போட்ட கோட்டு மேல இப்ப எழுதக்கூடாது, இல்ல சார்?" என்று கேட்டார். எங்கள் கிடங்கில் பலருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பொறுப்பாளரின் விரல் அந்த வரிசையில் மெதுவாக நகர்ந்தது: 23, 23, 19, 21, 18, 18, 16, 15, 14. நான்காவது எண்ணில் நின்றது. "இது ஏன் ஏறியிருக்கு?"

"அது என் லீவுக்கு மறுநாள், மேடம். முந்தின நாள் வேற ஆள் மாட்டி விட்டுட்டாங்க. சின்ன மாப்ள சொகுசு கண்டுட்டாரு."

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. தாளின் அடியில் சுருக்கொப்பமிட்டு, அதை இருந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போனார். கைகட்டி துணி மடிக்கப் போகவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் படிவத்தோடு வந்தார். தையல்காரர் எழுந்தார். வலது கையால் கைத்தடியை ஊன்றிக் கழிப்பறைக்குப் போனார், வந்தார். சட்டையை எடுத்தார். கண்டக்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது பட்டன் இரண்டு முறை நழுவியது. ஒன்பதாவது நிமிடத்தில் கையை இறக்கினார்.

"மேல் பட்டன்?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"கழுத்துப் பட்டன் கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும்தான் தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே படிவத்தில் குறியிட்டார். "டிக்கெட் கிழிச்சாச்சு டெய்லரே" என்று கத்தினார் கண்டக்டர். "நீங்க இறங்கலாம்!"

அன்று மாலை நான்கு இருபதுக்கு மகன் காரோடு வந்தார். நானும் வாக்கரோடு வாசல்வரை போனேன். தையல்காரர் முதலில் இருக்கையில் உட்கார்ந்தார், பிறகு வலது காலை உள்ளே வைத்தார். இடது கால் வெளியே தரையிலேயே நின்றது. அதைத் தூக்கினார், கதவின் விளிம்பில் இடித்து விழுந்தது. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய வழியில்லாமல் நின்று ஹாரன் அடித்தது.

"இருங்கப்பா, நான் எடுத்து விடுறேன்" என்று மகன் குனிந்தார்.

கைகட்டி மகனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். ஹாரன் இரண்டாம் முறை அடித்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தபடி, மகனின் கையை விடாமல் நின்றார்.