முதுகைச் சொறியச் சொன்ன அம்பயர்

கம்பெனிப் பேருந்துக்காக நின்றிருந்தபோது முனிராஜ் அண்ணன் இறந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். "அய்யோ" என்றார்கள். பேருந்து வந்தது, ஏறினோம்.

மூக்கண்டப்பள்ளி மைதானத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அவரைத் தெரியும். வாரம் முழுக்க எங்களோடு பிரஸ் ஷாப்பில் தகடு அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை அம்பயர். வேகமாகப் பந்து வீசுகிறவனை ஒரே நாளில் மூன்று டீம்கள் மூன்று பெயரில் இறக்கும். வலித்தால் ஸ்ப்ரே, மாத்திரை. வலித்தால்தான் வேகம் வரும் என்று நாங்களே நம்பினோம். அண்ணன் மட்டும் சும்மா பந்தைக் கொடுக்கமாட்டார்.

"கையப் பின்னால வளச்சு முதுகச் சொறி, பாக்கலாம்."

"அரிக்கலண்ணா."

"அரிக்காட்டியும் சொறிடா."

"அம்பயரு, பவுடர் வேணுமா?" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள். நடுமுதுகுக்கு விரல் எட்டாவிட்டால் தோள் கெட்டிருக்கிறது என்பது அவர் கணக்கு. அவனுக்கு அன்று பந்து கிடையாது. விதியில் அப்படி ஒன்றும் இல்லை. அவரிடம் விதி பேச எங்களுக்குத் துணிவும் இல்லை.

எங்கள் கம்பெனி இறுதி ஆட்டத்துக்கு வந்த வருடம் எனக்கு இருபத்தொரு வயது. ஒப்பந்தத் தொழிலாளி. "கப்ப ஜெயிச்சுக் குடு, பர்மனன்ட் பண்றதப் பத்திப் பேசறேன்" என்று ஹெச்.ஆர். அதிகாரி என் தோளில் தட்டியிருந்தார். தட்டிய தோள்தான் வலித்தது. அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது ஆட்டம், கடைசி ஓவர். அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். என் விரல் இடுப்பைத் தாண்டவில்லை.

"ஒரே ஓவருண்ணா. என் வேலைண்ணா."

"தெரியும். குடுக்க மாட்டேன்."

பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வேறொருவனை வரச் சொன்னார். தோற்றோம். அதன்பின் கம்பெனி ஆட்டங்களில் அவரை அம்பயராக நிறுத்தவில்லை. என்னைப் பர்மனன்ட் ஆக்கவில்லை. அடுத்த வருடம் கப்பு ஜெயித்துக் கொடுத்தவனையும் ஆக்கவில்லை.

ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. பக்கத்து மெஷின், இருந்தும் பேசவில்லை. பிறகு ஒருநாள் உடை மாற்றும் அறையில், சட்டைக்குள் வலது கையை நுழைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பிடித்து மாட்டிவிட்டேன்.

"நானும் இதே கம்பெனிக்குப் பந்து போட்டவன்தாம்பா. கப்பு ஆபீஸ் ஷோகேஸ்ல இருக்குது. கை என்கிட்ட இருக்குது."

"நீங்க பர்மனன்ட் ஆயிட்டீங்கல்ல?"

"ஆனேன். அதான் சட்ட மாட்ட ஆள் தேடிக்கினு இருக்கறேன்."

எங்கள் தோள்களை அத்தனை கவனமாகப் பார்த்தவர், டபுள் ஷிப்ட் என்று கூப்பிட்டால் மறுக்காமல் போவார். மகளுக்குக் காலேஜ் என்பார். அந்தக் கையோடுதான் பதினாறு மணி நேரம் நின்றார். போதும் என்று அவரிடம் நாங்கள் ஒருவரும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சூப்பர்வைசர் வந்தார்.

"முனிராஜ் மெஷின் சும்மா நிக்குது. இன்னொரு ஷிப்ட் பாத்துரு."

வலது கையைப் பின்னால் வளைத்தேன். நடுமுதுகுக்கு விரல் எட்டியது.

"முடியாது சார்."

முறைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் நான் அங்கே இருப்பேனா தெரியாது. அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கை. கூடவே, "குடுக்க மாட்டேன்" என்ற அவருடைய பதில்.