சிராஜ் பாயும் வளையாத ஸ்கீயும்

செவ்வாய்க்கிழமை காலை, துபாய்க்குப் பக்கத்தில் ரோலாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது முருகேசனின் குரல்பதிவு வந்தது. துபாயில் நம் பிள்ளைகள் பனிச்சறுக்கு பழகும் பனிக்கூடத்தில் நமக்கெல்லாம் பூட்ஸ் எடுத்துக் கொடுப்பாரே, அவர்தான். “அக்கா, சிராஜ் பாய் மௌத்தாயிட்டாரு. லீவுல போன எடத்துல நெஞ்சு வலியாம். நேத்தே அடக்கமும் முடிஞ்சிருச்சு.” அவ்வளவுதான். மூன்று முறை கேட்டேன். ஊருக்குக் கிளம்பும் முன்புதான் “வர்றப்ப கருவாடு வேணுமா தங்கச்சி?” என்று கேட்டிருந்தார். வேண்டாம், பக்கத்து ஃபிளாட்டில் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வாடகைக் கவுண்டருக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், காலில் மாட்டிச் சறுக்கும் ஸ்கீ பலகைகளுக்கு விளிம்பு தீட்டி மெழுகு தேய்த்துக்கொண்டிருப்பார். ஏசி மெக்கானிக்காக துபாய்க்கு வந்தவர். பனிக்கூடத்தின் குளிரூட்டும் இயந்திரத்தில் டியூட்டி பார்த்து, அங்கிருந்து ஸ்கீ அறைக்கு மாறினார். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தும்போதும் காதுவரை கம்பளிக் குல்லா. “இதப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினா, காய்ச்சலாங்குறாங்க” என்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஒரு சண்டையில் தொடங்கியது. என் மகள் தியாவுக்குப் பத்து வயது. போன குளிர்கால விடுமுறையில் அவள் பள்ளிக் குழு ஜார்ஜியா நாட்டு மலைக்குப் போவதாக இருந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாக அனுப்பப் பயம்; அனுப்பாமல் இருக்கவும் மனமில்லை. அனுப்புவதென்றால் நல்ல ஸ்கீயோடு அனுப்புவோம் என்று, நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் ஒரு ஜோடி வாங்கினோம். பந்தயப் பிள்ளைகள் போடுவது. அவளுக்கு ஒரு சாண் நீளம் அதிகம். ரோலாவிலிருந்து துபாய் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது டிரைவர் “யல்லா, யல்லா” என்று விரட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

சிராஜ் பாய் ஸ்கீயின் முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கொஞ்சம்தான் வளைந்தது. பிறகு தியாவை அழுத்தச் சொன்னார். அசையவே இல்லை.

“புள்ள என்ன வெயிட்டு?”

“இருபத்தெட்டு கிலோ.”

“இத வளைக்க வெயிட்டு வேணும், இல்ல வேகம் வேணும். ரெண்டும் இவகிட்ட இல்லியே. நான் மாட்டித் தர மாட்டேன்.”

“வளர்ற புள்ள பாய். ஒரு சைஸ் பெருசா வாங்கினாத்தானே ரெண்டு வருஷம் வரும்?”

“யூனிபார்முன்னா மடிச்சுத் தைக்கலாம். இத எங்க மடிக்கிறது தங்கச்சி?”

பின்னால் நின்ற முருகேசன் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. வாடகைக்கு விடுவதற்காகப் பேசுகிறார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நாளைக்குக் காலைல வாங்க. நீங்களே போட்டுப் பாருங்க” என்றார்.

தியா சறுக்குவதைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பதறிக்கொண்டே இருக்கவேண்டாம் என்று நானும் நாலைந்து மாதம் வகுப்பு போயிருந்தேன். மறுநாள் காலை அதே ரகத்தில் பெரியவர்கள் போடும் ஒரு ஜோடியைக் கொடுத்தார். பனியைச் சமப்படுத்தும் வண்டி அப்போதுதான் சீவிவிட்டுப் போயிருந்த பனி. பலகை மாதிரிக் கெட்டி. விளிம்பு தண்டவாளம் போலப் பிடித்தது. நடுக்கமே இல்லை. கீழே வந்து, “நல்லாத்தானே போகுது!” என்றேன்.

“நல்ல சாமான்தான். யாரு இல்லன்னா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னொரு தடவ வாங்க.”

ஐந்து மணிக்குள் அத்தனை பேரும் சறுக்கிச் சறுக்கிப் பனி ஈரச் சர்க்கரை போலக் குவியல் குவியலாகக் கிடந்தது. பயத்தில் மெதுவாகப் போனேன். ஸ்கீ எந்தக் குவியலுக்கும் வளைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் முட்டி, முட்டிய பக்கம் என்னைத் திருப்பியது. நான்காவது குவியலில் விழுந்தேன். முழங்கால் இரண்டு வாரம் வலித்தது.

சிராஜ் பாய் அதையே மாட்டிக்கொண்டு மேலே போனார். நல்ல வேகத்தில் அதே குவியல்களைப் பிளந்துகொண்டு நேராக இறங்கி வந்தார். அதிராமல் நின்றார். “பாத்தீங்களா, இதே ஸ்கீ, இதே பனி. வேகமாப் போறவனுக்கு இது ராஜா. மெதுவாப் போறவங்கள மதிக்காது” என்றார். முன்பு ஒரு பெருநாள் விடுமுறைக்கு ரூம்காரர்களோடு அவரும் ஜார்ஜியா போயிருந்தார். கெட்டி ஸ்கீதான் கெத்து என்று எடுத்துப் போனாராம். “புதுப் பனி முழங்கால் வரைக்கும் கெடக்கு. இதுக்கு மூக்கு ஒல்லி, வளையவும் வளையாது. குத்திக்கிட்டு உள்ள போயிருச்சு. பின்னாலயே நானும் போனேன். ரூம்ல ஒரு வருஷம் இதே பேச்சு.”

தியா மலைக்குக் கொண்டுபோக, மெத்தென்று வளையும் ஒரு வாடகை ஜோடியைத் தேடி எடுத்தார். பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கை இன்னும் இறுக்கச் சொன்னேன்; கழன்றுவிடுமோ என்று பயம். “கழலணும்மா. விழுந்தா அது கழலணும். இல்லன்னா கால் திரும்பும். இறுக்கி வச்சா பத்திரம்னு யாரு சொன்னா உங்களுக்கு?” என்று அன்றுதான் குரலை உயர்த்தினார்.

அவள் மலைக்குப் போன மூன்றாம் நாள், ஆபீஸில் இருந்தபோது அழைத்தாள். சிநேகிதிகள் எல்லோரும் வேகமான கெட்டி ஸ்கீக்கு மாறுகிறார்களாம். “அம்மா, கேன் ஐ? ப்ளீஸ்?” அவளை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் சிராஜ் பாயைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், அவளிடம் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

“என்னய ஏன் கேக்குறீங்க? அங்க பனி எப்படி இருக்குன்னு அவகிட்ட கேளுங்க.”

கேட்டேன். தியா கொஞ்சம் யோசித்தாள். “காலைல ஹார்டா இருந்துச்சு. இப்ப மேல புதுசா விழுந்திருக்கு, சாஃப்ட். கீழ ஈரமா ஒட்டுது.” பிறகு அவளே சொன்னாள்: “அப்ப வேணாம்மா. நான் இதையே போட்டுக்கறேன்.”

அதை அப்படியே சிராஜ் பாயிடம் சொன்னேன். தலைக்கவசம், கையுறை, மதியச் சாப்பாடு என்று தியாவிடம் இன்னும் என்னென்னவோ கேட்க வாயெடுத்தேன்.

“அவளுக்குத் தெரியுது தங்கச்சி. நீங்க ரெண்டு போனையும் வைங்க” என்றார்.

வைத்தேன். மீதி மூன்று நாளும் நானாக அழைக்கவில்லை. அவள் பதினோரு முறை விழுந்ததையும், ஒவ்வொரு முறையும் ஸ்கீ கழன்றுகொண்டதையும் திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை. தியா எங்கிருந்து அழைத்தாலும், வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அதை அடக்கிக்கொண்டு, அங்கே எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, போனை வைத்துவிடுகிறேன். சிராஜ் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.