புனேயில் தெரிந்த எங்கள் டிராயிங்

பெரிய டிராயிங் தாள்களை அச்சடிக்கும் பிளாட்டர் ஓடும் சத்தம் ஞாபகம் இருக்கிறதா பிரெண்ட்ஸ்? சர்ர்ர்... டக்... சர்ர்ர்... மூடியைத் திறந்தால் குப்பென்று ஈர மையின் வாசனை!

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு டூல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டிராயிங் ஆபீஸ். ஏசி போட்ட ஒரே அறை அந்தப் பிளாட்டருக்குத்தான். நாங்களெல்லாம் ஃபேன் காற்றில்.

டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். அண்ணனூரிலிருந்து தினமும் ரயில். மெஷின் பாகங்களைக் கம்ப்யூட்டரில், ஆட்டோகேடில் வரைவது வேலை. பக்கத்து சீட்டில் பூந்தமல்லி நஸ்ரீன், என் வயதுதான். சாயங்காலம் கிளாஸுக்குப் போய் வெப் டிசைன் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆபீசில் அதற்கு வேலையே கிடையாது. கேட்டால், "கத்துகினா இன்னாடி, கெட்டா பூடும்?" என்று சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், தேறாவிட்டால் ஆபீசை மூடிவிடலாம் என்று முதலாளி தனா சார் எங்களிடமே சொல்லிவிட்டார். அப்போதுதான் புனேயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி மேனேஜரின் போன். உங்கள் வேலையை வெப்சைட்டில் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை பாக்கலாம் சார்!" என்று சொல்லி தனா சார் போனை வைத்தார்.

"சார்... நமக்குத்தான் வெப்சைட்டே இல்லையே?" என்றேன்.

"அதான் நஸ்ரீன் கீதே!"

நஸ்ரீன் முகத்தைப் பார்க்கணுமே... பாதி பயம், பாதி தீபாவளி!

அன்று திங்கட்கிழமை. தனா சார் தெரிந்தவர் ஒருவர் மூலம் வெப்சைட்டை வைக்க சர்வரில் இடம் வாங்கினார். நஸ்ரீன் நோட்பேடைத் திறந்து பக்கம் எழுத ஆரம்பித்தாள். டிராயிங்குகளைப் படமாக்கித் தருவது என் பொறுப்பு.

முதலில் திரையை அப்படியே படம் பிடித்துக் கொடுத்தேன். கறுப்புப் பின்னணியில் மஞ்சள், பச்சைக் கோடுகள். சின்னதாக்கியதும் எல்லாம் ஒட்டிக்கொண்டு சேறு மாதிரி ஆகிவிட்டது. "இது இன்னாடி, கரண்ட் போன ஊடு மாறி கீது" என்றாள்.

மறுபடி உட்கார்ந்தேன். அளவு எண்கள் இருந்த அடுக்கை, அதாவது லேயரை, மறைத்தேன். வெளிக்கோட்டைத் தடிமனாக்கினேன், உள்கோடுகளை மெல்லியதாக்கினேன். எல்லாக் கோடும் கறுப்பு, பின்னணி வெள்ளை. வெப்சைட் பக்கத்தில் எந்த அளவில் தெரியப்போகிறதோ, அதே அளவில் படம் எடுத்தேன். முழு ஷீட்டைக் காட்டும் ஆசையையும் விட்டேன். ஒரு மூலையை மட்டும் பெரிதாகக் காட்டினால் போதும், வேலையின் நேர்த்தி அதிலேயே தெரிந்துவிடும். இன்றைக்கும் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்!

வியாழக்கிழமை எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் ஜோராக வந்தது. சர்வரில் ஏற்றினோம். வேறு இடத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வெள்ளிக்கிழமை காலை எதிர்த்தெரு பிரௌசிங் சென்டருக்கு ஓடினோம். கையில் ஃப்ளாப்பி.

"நெட்டு ஸ்லோவா கீதும்மா, பொறுமையா பாருங்க" என்றார் சென்டர் அண்ணன்.

பக்கம் திறந்தது. படம் இருக்க வேண்டிய இடமெல்லாம்... சிவப்புப் பெருக்கல் குறி!

நஸ்ரீன் கோடிங்கைத் திறந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ கவி... படம் எங்க கீதுன்னு சொல்ற எடத்துல நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் சி டிரைவைப் போட்டு வெச்சிக்கீறேன்டி. அது ஊர்ல இருக்கறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அங்கேயே ஒவ்வொரு வரியாகத் திருத்தினாள். நான் பக்கத்திலிருந்து ஃபைல் பெயர்களைப் படித்துச் சொன்னேன். அதற்குள் ஸ்கூட்டரில் தனா சாரே வந்துவிட்டார், காதில் மொபைல். "யெஸ் சார், யெஸ் சார்..." புனே மேனேஜர் லைனில்! நாங்கள் ஏற்றி முடிக்க, அவர் அங்கே பக்கத்தைத் திறந்துவிட்டார்.

படங்கள் வர ஆரம்பித்தன. ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த கியர் பாக்ஸ். அவர் கேட்டதும் அதைத்தான்.

"கியர் பாக்ஸ் எங்கன்னு கேக்கறாரும்மா!" தனா சாருக்கு வியர்த்து ஊற்றியது.

ஃபைல் பெயரை முறைத்துப் பார்த்தேன். கடைசியில் வரும் ஜே.பி.ஜி. ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. நஸ்ரீன் எழுதியிருந்தது சின்ன எழுத்தில். "நஸ்ரீன், பெரிய எழுத்து, சின்ன எழுத்துடி!" கத்தியே விட்டேன். எங்கள் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு வேறு வேறு!

மாற்றி ஏற்றினாள். "சார், பக்கம் மறுபடி வர எஃப் ஃபைவ் அழுத்தச் சொல்லுங்க!"

எங்கள் திரையில் மேலிருந்து கீழே, பட்டை பட்டையாக, கியர் பாக்ஸ் இறங்கி வந்தது... தனா சார் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

"ரொம்ப க்ளியரா கீதாம்! மாதிரி பாக்க மொதல்ல ஒரு மாடல் ஆர்டர் அனுப்பறாராம்!"

நஸ்ரீன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாடல் ஆர்டர் ஒரு வருஷ வேலையாக வளர்ந்தது. ஆபீஸ் மூடவில்லை.

இப்போது நான் வானகரத்தில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில். நஸ்ரீன் பூந்தமல்லி வீட்டிலேயே வெப்சைட் தொழில் நடத்துகிறாள். போன வாரம் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். நான் வரைந்த பம்ப் அவளுடைய பக்கத்தில் முப்பரிமாணத்தில் சுழல்கிறது. விரலால் திருப்பலாம், பிரித்துப் பார்க்கலாம். லிங்க் அனுப்பிய மறுநொடியே கிளையண்ட் பார்த்துவிட்டார். பதிலாக ஒரு ஸ்மைலி.

"அவ்ளோதானாடி?" என்றாள் நஸ்ரீன்.

"அவ்ளோதான்."

பிறகு அவளே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. பிரியாணி செய்றேன். நாம குதிக்கலாம்."

போகிறேன்!