சட்டைப் பையில் ஒரு போல்ட்

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் ‘கோடு’. சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரின் போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட் தலையையும் காலிப்பரையும் சேர்த்துச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் வாங்கப் போன கடையில், “வீட்டுல அக்காவுக்கா?” என்று கேட்டாளாம் கடைக்காரப் பெண். “இல்லம்மா, பிரேக்குக்கு” என்றாராம். எனக்கு ஒரு நாளும் வாங்கித் தந்ததில்லை.

முறுக்கும்போது வாயே திறக்க மாட்டார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கழற்றிய போல்ட்டைத் தரையில் வைக்கும் பழக்கமே இல்லை. சட்டைப் பைதான்.

ஒரு நாள் மத்தியானம், காலையில் அவர் போட்டிருந்த சட்டையை ஊறப் போட்டேன். வாளிக்குள் ‘ணங்’ என்றது. காலிப்பர் போல்ட்! கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் துள்ளி எழுந்தார்.

“உன் தம்பி வண்டியோடது! காலைல வந்து அவசரப்படுத்தினானே!”

தம்பியும் இவரும் ஒரே மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறார்கள். தம்பி அவன் மனைவியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக மாமனார் வீட்டுக்குக் கிளம்பியிருந்தான். போன் அடித்தோம். எடுக்கவில்லை.

“ஓட்டும்போது போன எடுத்தா கைய ஒடிப்பேன்னு நீங்கதானே மிரட்டி வச்சிருக்கீங்க?”

“இன்னைக்குன்னு பார்த்தா என் பேச்சக் கேக்கணும்?”

அவர் வண்டியை எடுத்தார். போல்ட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். ‘ஆண்டவனே, அந்தப் பிள்ளைகளைக் காப்பாத்து’ என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

“என்னமோ கடகடன்னு சத்தம் வருது” என்றார்.

“என் நெஞ்சுதான். நீங்க ஓட்டுங்க.”

மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் ஓடிப்போய்த் தம்பி வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே மண்டியிட்டார். இரண்டு போல்ட், இரண்டு சிவப்புக் கோடு. மயிரிழைகூட விலகவில்லை.

“என்ன மாமா, என் வண்டியக் கும்பிடுறீங்க?” என்றான் தம்பி.

“அப்ப இது யாரோடது?”

தம்பி மனைவி எங்கள் வண்டியைக் குனிந்து பார்த்தாள். “அண்ணே, இங்க ஒரு ஓட்டை சும்மா இருக்கே!”

ஒற்றைப் போல்ட்டில் காலிப்பர் ஆடிக்கொண்டிருந்தது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “காலைல என் வண்டியில ஒண்ண முறுக்கி முடிச்சேன். கோடு போடுறதுக்குள்ள வாசல்ல நீ ஹாரன் அடிச்ச மாப்ளே!”

தம்பி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். இவர் இரண்டு போல்ட்டையும் முறுக்க ஆரம்பித்தார். “இருட்டுறதுக்குள்ள முடிச்சிடுவீங்களா மாமா?” என்று வேண்டுமென்றே வாயைக் கொடுத்தான். இவர் முறைத்துவிட்டுக் கழற்றி, முதலிலிருந்து தொடங்கினார். நான் தம்பியின் வாயைப் பொத்தினேன்.

கோடு போடப் பாலிஷ் இல்லை. தம்பி மனைவி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“சிவப்பு இல்லையாம்மா?”

“ரோஸ்தான் அண்ணே.”

ரோஸில் இரண்டு கோடு விழுந்தது. நான் கேட்டது தம்பிக்காக. ஆண்டவன் சரியான வண்டியைப் பார்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறான்.

திரும்பி வரும்போது அந்தச் சத்தம் இல்லை.

“நெஞ்சு சரியாயிடுச்சா?” என்றார்.

முதுகில் ஒன்று வைத்தேன்.